புலி, கயல், வில்: ஒரு சின்னம் யாருக்குச் சொந்தம்?

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காரவும் :-)

திருவாலங்காட்டுச் செப்பேடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1905-ல் கிடைத்தது. 31 இதழ்கள். முதலாம் ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த கணக்குதான் அது. சோழர் வம்சாவளிக்கு ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற ஆவணம். ஆனா இந்தப் பதிவுக்கு நமக்கு வேண்டியது உள்ளே எழுதியிருக்கிற விஷயம் இல்லை. இதழ்களைக் கோத்திருக்கிற வளையம், அந்த வளையத்தின் மேல் இருக்கிற முத்திரை. அது போதும்.

அந்த முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கு. சோழனாச்சே, புலி இருக்கத்தானே செய்யும்னு கேட்பீங்க. சரி. பக்கத்திலேயே ரெண்டு மீனும் இருக்கு. அது பாண்டியன் சின்னம். கூடவே ஒரு வில். அது சேரன் சின்னம். மேலே குடை, ரெண்டு பக்கமும் சாமரம், விளக்குகள். ஆனைமங்கலச் செப்பேட்டின் முத்திரையிலும் இதே கூட்டணிதான். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊரைப் பற்றிய 21 இதழ்கள் அவை. டச்சுக்காரர்கள் கையில் சிக்கிக் கடல் கடந்து போய், 1862-ல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்ததால் 'லெய்டன் செப்பேடு'ன்னு பேர் வாங்கினது அதுதான். சோழர் காசுகள்லயும் புலிக்குப் பக்கத்தில் மீனைப் பார்க்கலாம்.

ஆக மூணு ராஜாக்களின் சின்னம் ஒரே வட்டத்துக்குள்ள. பார்க்க ஒற்றுமையாத்தான் இருக்கு. மூவேந்தரும் தோள்ல கை போட்டு நிற்கிற குரூப் போட்டோ மாதிரி.

ஆனா அது குரூப் போட்டோ இல்லை. முத்திரையைச் சுத்தி ஓடுற வடமொழி வாசகத்தின் சாரம் இதுதான்: இது பரகேசரி ராஜேந்திரனின் ஆணை, மற்ற அரசர்களின் மகுட ரத்தினங்களின் மேல் வீற்றிருக்கும் ஆணை. புரியுதா? மீனும் வில்லும் விருந்தாளிகளா வரலை. பிடிச்சுக் கொண்டுவரப்பட்டவை. புலிக்குக் குடை இருக்கு, மீனுக்குத் தனியா குடை கிடையாது.

இப்போ இன்னொரு இடம். சிலப்பதிகாரம், வஞ்சிக் காண்டம். கண்ணகி சிலைக்குக் கல் எடுக்க இமயம் போகணும்னு செங்குட்டுவன் கிளம்புறான். வடநாட்டு அரசர்களுக்கு முன்கூட்டியே ஓலை அனுப்பலாம்னு அவையில் ஒரு யோசனை வருது. அந்த ஓலைக்கு என்ன முத்திரை? வில், கயல், புலி. மூணும் சேர்ந்த மண் முத்திரை. அனுப்பச் சொல்றது சேரன் சபை. ஆனா முத்திரையில் தன் வில்லை மட்டும் வைக்காம, மூணையும் தென்தமிழ் நாட்டின் அடையாளமா வைக்கிறாங்க. காப்பியக் கற்பனைதான், ஒத்துக்கறேன். ஆனா அப்படி ஒரு கற்பனை ஒரு புலவருக்கு வந்திருக்குங்கறதே எனக்குப் பெரிய விஷயமாத் தோணுது.

அதே மூணு படங்கள்தான். ஒரு இடத்தில் 'நாங்க எல்லாரும்' என்று அர்த்தம். இன்னொரு இடத்தில் 'நான்தான் எல்லாரும்' என்று அர்த்தம். இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இந்தப் பதிவு.

எதுக்கு இப்போ இந்த ஆராய்ச்சி?

காரணம் ஒரு டி-சர்ட். சிரிக்காதீங்க.

வாரத்தில் அஞ்சு நாள் பொட்டி தட்டுற நாங்க ஏழெட்டுப் பேர், மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை ஏதாவது பழைய கோயில், கோட்டை, கல்வெட்டுன்னு கிளம்பிடுவோம். யாரும் வரலாறு படிச்சவங்க இல்லை. எல்லாரும் எஞ்சினியரிங். கல்வெட்டுல ஒரு எழுத்து புரிஞ்சாலே ஆஸ்கர் வாங்கின சந்தோஷம் வரும். கூட்டம் கொஞ்சம் பெருசானதும் ஒருத்தர், "நமக்குன்னு ஒரு சின்னம் வேணும், டி-சர்ட் அடிக்கலாம்"னு ஆரம்பிச்சார். தஞ்சாவூர்க்காரர். அதனால் சோழர் முத்திரையையே வரைஞ்சு கொண்டுவந்தார்.

திருநெல்வேலிக்காரர் பார்த்தார். "எங்க மீனை உங்க புலி பக்கத்துல கட்டிப் போட்டு வச்சிருக்கீங்க, அதை நான் நெஞ்சுல போட்டுக்கிட்டுத் திரியணுமாக்கும்?" அவ்வளவுதான். கரூர்க்காரர், வில்லு ஏன் ஓரத்துல கிடக்குன்னு கேட்டார். ஆயிரம் வருஷத்துச் சண்டை ஒரு டி-சர்ட்டில் மறுபடி ஆரம்பிச்சுது.

எங்க பிராஜக்ட்டில் அமெரிக்காவிலிருந்து வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையை மறுபடி நடிச்சுப் பார்க்கிற ஒரு சங்கத்தில் இருக்கார். கவசம் போட்டு, பிரம்புக் கத்தி வச்சு, கூடாரம் அடிச்சு. 1966-ல் கலிபோர்னியாவில் பெர்க்லியில் ஆரம்பிச்ச சங்கம். அவங்களுக்குள்ளே பல 'ராஜ்ஜியங்கள்' உண்டு. அவங்க இதுக்கு ஒரு தெளிவான வழி வச்சிருக்காங்க. ராஜ்ஜியத்தின் முழுச் சின்னத்தை, அதாவது கிரீடமும் இலைமாலையும் போட்டதை, அந்த நேரத்தில் ராஜாவா இருக்கிறவர்தான் வைக்கலாம். ஆனா அதே ராஜ்ஜியத்துக்கு 'குடிமக்கள் சின்னம்'னு ஒரு எளிமையான படம் தனியா இருக்கும். அதை அந்த ராஜ்ஜியத்தில் யார் வேணும்னாலும் கொடியில், சட்டையில், கூடாரத்தில் போட்டுக்கலாம். இதுபோக ஒவ்வொருத்தருக்கும் சொந்தச் சின்னம் ஒண்ணு. அதை அடுத்தவர் போடக் கூடாது.

நம்ம பாஷையில் சொன்னா, ஒண்ணுக்கு ரூட் பாஸ்வேர்ட் வேணும், ஒண்ணு பொதுவில் திறந்து வச்சது, ஒண்ணு தனிப்பட்ட ஹோம் டைரக்டரி. லினக்ஸ் ஆளுங்களுக்கு இது புதுசு இல்லை. டெபியன்காரங்க ஒரு காலத்தில் ரெண்டு லோகோ வச்சிருந்தாங்க. அதிகாரபூர்வ வேலைக்கு மட்டும் ஒண்ணு, யார் வேணும்னாலும் பயன்படுத்த அந்தச் சுழி மட்டும் இருக்கிறது ஒண்ணு. 2006-ல் ஃபயர்ஃபாக்ஸ் லோகோ, பேர் விஷயத்தில் தகராறு வந்து, அதே மென்பொருளையே 'ஐஸ்வீசல்'னு வேற பேர்ல கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நிரலை யாரும் எடுத்துக்கலாம், ஆனா சின்னத்தை எடுக்க முடியாது. 2016 வரைக்கும் அந்தப் பேர் ஓடுச்சு.

கோட்டைக்குப்பத்தில் ஒரு 'வி.ஓ.சி'

இந்த டி-சர்ட் பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்தப்ப நாங்க போன ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாப் போகணும். ஏரிக்கரை ஓரமா குப்பம் குப்பமா மீனவர் ஊர்கள். அதில் ஒண்ணு கோட்டைக்குப்பம். பேரிலேயே கோட்டை இருக்கு. ஆனா கோட்டையைத் தேடினா முள்ளுக்காடும் அகழியின் தடமும்தான் கிடைக்கும்.

அந்தக் கோட்டையின் பேர் கெல்டிரியா. 1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர்கிட்ட அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே வந்தாங்க. சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்கள் சும்மா இருப்பாங்களா, 1612-ல் வந்து அடிச்சு நொறுக்கினாங்க. 1613-ல் கோட்டை எழும்பினது. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பேரை வச்சாங்க. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறுகிற வரைக்கும் சோழமண்டலக் கடற்கரை முழுசுக்கும் டச்சுத் தலைநகரம் இந்த ஊர்தான். கடைசியா 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய்ச்சு. இப்போ மிச்சம் இருக்கிறதில் முக்கியமானது தொல்லியல் துறை பாதுகாக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடு நின்னு வரவேற்கும். குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே சொல்லி வச்சுடுங்க :-)

உள்ளே போய்க் கல்லறைக் கற்களைக் குனிஞ்சு பாருங்க. கேடயம், தலைக்கவசம், அதுக்கு மேல ஒரு முடிச்சின்னம், ரெண்டு பக்கமும் இலைச்சுருள். அத்தனையும் குடும்பச் சின்னங்கள். இங்கே செத்துப்போனவங்க எல்லாரும் பிரபுக்களான்னு கேட்டா, இல்லை. பலரும் கம்பெனி வியாபாரிகள், அதிகாரிகள். இங்கிலாந்தில் சின்னம் வேணும்னா 1484-ல் ஆரம்பிச்ச அரச அலுவலகத்துக்குப் போய் வாங்கணும். நெதர்லாந்தில் அந்தக் கெடுபிடி கிடையாது. சாதாரண வியாபாரியும் தனக்குன்னு ஒண்ணை வச்சுக்கலாம், அடுத்தவனோடதைத் திருடாம இருந்தா சரி. ஊர்ல துணிக்கடை வச்சிருந்தவன் மகன் பழவேற்காட்டில் கேடயத்தோட படுத்திருக்கான்.

இது தனிச் சின்னம். பொதுச் சின்னம் எங்கே? அதுதான் வி.ஓ.சி. நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. இல்லீங்க. அவர் 1906-ல் கம்பெனி ஆரம்பிச்சவர். இது 1602-ல் ஆரம்பிச்ச டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுப் பேருக்கு முதல் எழுத்துகள். 'வி'க்குப் பெரிய எழுத்து, அதன் ரெண்டு கால்லயும் 'ஓ', 'சி' கோத்து ஒரு முத்திரை. பீரங்கியில், காசில், கொடியில், பீங்கான் தட்டில் எங்கே பார்த்தாலும் அதுதான். உலகத்தின் முதல் கார்ப்பரேட் லோகோன்னே பலர் சொல்றாங்க.

இதில் எனக்குப் பிடிச்ச நுணுக்கம் ஒண்ணு. அந்தக் கம்பெனிப் பேரில் முதல் சொல்லுக்கே 'ஒன்றிணைந்த'ன்னுதான் அர்த்தம். ஏன்னா ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போட்டுக்கிட்டு இருந்த பல கம்பெனிகளை ஒண்ணாச் சேர்த்து உருவாக்கினது அது. ஆம்ஸ்டர்டாம், ஜீலாந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன்னு ஆறு கிளைகள். ஆறு பேரும் ஒரே முத்திரையைத்தான் வச்சாங்க. ஆனா முத்திரைக்கு மேல் ஒரு சின்ன எழுத்து. ஆம்ஸ்டர்டாம்னா 'ஏ', டெல்ஃப்ட்னா 'டி', ராட்டர்டாம்னா 'ஆர்', இப்படி. பின்னாடி இலங்கையில் அடிச்ச டச்சுச் செப்புக் காசுகள்லயும் இதே பழக்கம். கொழும்புன்னா 'சி', காலின்னா 'ஜி', திரிகோணமலைன்னா 'டி'.

நம்ம ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும். இது நேம்ஸ்பேஸ். பேர் ஒண்ணு, முன்னொட்டு வேற. பொதுவும் கெடலை, தனியும் அழியலை.

அதிகாரத்தையும் அதே மாதிரிதான் பிரிச்சாங்க. மேலே 17 இயக்குநர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு 8, ஜீலாந்துக்கு 4, மத்த நாலு ஊருக்கும் ஆளுக்கு 1. கூட்டினா 16 வருது. பதினேழாவது இடம்? ஆம்ஸ்டர்டாம் தவிர மத்த கிளைகளுக்குள் சுற்று முறையில் மாறி மாறிப் போகும். இல்லைன்னா ஆம்ஸ்டர்டாம் ஒரே ஊர் பாதி ஓட்டை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் முடிச்சிடும் பாருங்க.

ஆனா ஒண்ணு. தங்களுக்குள்ளே இவ்வளவு நியாயமாப் பங்கு பிரிச்சவங்க, இந்தக் கரையில் இருந்தவங்களை அந்தக் கணக்கில் சேர்க்கலை. 17-ஆம் நூற்றாண்டில் இதே பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவங்களை அடிமைகளாக் கப்பல் ஏத்தி பத்தாவியாவுக்கு, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுக்கு, அனுப்பினாங்க. கப்பல்ல பறந்தது அதே ஒன்றிணைந்த கொடிதான். பொதுச் சின்னம்னு சொன்ன உடனே மனசு குளிர்ந்துடக் கூடாது. பொது யாருக்குன்னு கேட்கணும்.

வெளியூர்க்காரர் சின்னத்தைத் தத்தெடுத்த கதை

ஐரோப்பாவில் எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் இல்லை. ரெண்டு எதிரெதிர் உதாரணம் மட்டும் சொல்றேன்.

இங்கிலாந்து. 1385-ல் ஸ்காட்லாந்து மேல் படையெடுத்துப் போறப்ப, ஸ்க்ரோப், க்ராவ்னர்னு ரெண்டு பிரபுக்கள் ஒரே சின்னத்தோட வந்து நிற்கிறாங்க. நீலத் தரையில் குறுக்கே ஒரு பொன் பட்டை. 'என்னோடது', 'என்னோடது'ன்னு வழக்கு. வருஷக்கணக்கா நடந்துது. கவிஞர் சாசரே 1386-ல் வந்து சாட்சி சொன்னார்னா பாருங்க. கடைசியில் ஸ்க்ரோப் ஜெயிச்சார். க்ராவ்னர் தன் சின்னத்தை மாத்த வேண்டியதாப் போச்சு.

போலந்து. அங்கே ஒரு சின்னம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் இல்லை. ரத்த சம்பந்தமே இல்லாத பல குடும்பங்கள் ஒரே சின்னத்தைப் பகிர்ந்துக்கும். 1413-ல் ஹொரோட்லோங்கற ஊரில் ஒரு ஒப்பந்தம். போலந்தும் லித்துவேனியாவும் நெருங்கி வந்த காலம். 47 லித்துவேனியப் பிரபுக்களைப் போலந்துக் குலங்கள் தத்தெடுத்துத் தங்கள் சின்னங்களைக் கொடுத்தாங்க. ரெண்டு நாட்டுக் கூட்டணியைக் கத்தி இல்லாம, சின்னத்தாலேயே தைச்சாங்க.

கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா இதிலும் ஒரு வேலி. கத்தோலிக்கரா இருந்தாதான் அந்தத் தத்து. லித்துவேனிய ராஜ்ஜியத்தில் நிறைய இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பிரபுக்கள் அன்னிக்கு வாசலுக்கு வெளியே நின்னாங்க.

நம்ம பக்கம் என்ன நடந்தது? சோழன் மீனைத் தன் முத்திரையில் போட்டான்னு சொன்னேன் இல்லையா. மீன் அதை மறக்கலை. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கினது. மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரிச்சான். வீர பாண்டியன் இலங்கை வரைக்கும் போய்க் கோணமலையில் இணைக்கயலைப் பொறிச்சதா அவன் கல்வெட்டு சொல்லுது. திரிகோணமலையில் பிரடெரிக் கோட்டை வாசல் கல்லில் இன்னிக்கும் ரெட்டை மீன் இருக்கு. போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் கைப்பற்றி, ஆங்கிலேயர் பேர் வச்ச கோட்டையின் வாசலில் பாண்டியன் மீன்! சின்னங்களுக்கு ஆயுசு கெட்டி.

தொல்காப்பியம் வேற மாதிரி ஒரு கோணம் காட்டுது. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ. எதுக்குன்னா, போர்க்களத்தில் யார் எந்த வேந்தன் பக்கம்னு தெரியணும். அழகுக்கு இல்லை, அடையாளத்துக்கு. தூசி கிளம்பின களத்தில் தன் ஆளையே வெட்டிடக் கூடாது. ஐரோப்பியன் கேடயத்தில் படம் வரைஞ்சதும் இதே காரணத்துக்குத்தான். ஒரே பூவை ஒரு படை முழுக்கச் சூடுது பாருங்க, அதுதான் முதல் பொதுச் சின்னம். ராஜாவும் அதையே சூடுறான், கடைசி வரிசைச் சேவகனும் அதையே சூடுறான். பூ மரத்தில் இருக்கு. யாரும் யார்கிட்டயும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

காலம் போகப் போக அது மாறிடுச்சு. கொடி, குடை, சாமரம், விருது எல்லாம் 'இவனுக்கு உண்டு, அவனுக்கு இல்லை'ன்னு ஆச்சு. வலங்கை, இடங்கைச் சண்டைகளைப் படிச்சிருப்பீங்க. எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், எந்தக் கொடி பிடிக்கலாம்னு அடிதடி. 1707-ல் சென்னையில் இது முத்தி, ஆளுநர் தாமஸ் பிட் தலையிட்டு யாருக்கு எந்தத் தெருன்னு பிரிச்சு விட வேண்டி வந்தது. ஒரு துணிக்காக ஊரே காலி பண்ணிப் போகத் தயாரா இருந்தாங்க. அது வெறும் துணி இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

ஏரியைப் பங்கு போடுறவங்க

கோட்டைக்குப்பத்துக்குத் திரும்ப வர்றேன். கல்லறையைப் பார்த்துட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். படகுகளைப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு வரலாற்றுப் புத்தகம்.

2004 சுனாமிக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்தன. நிறையப் படகுகளில் கொடுத்த தொண்டு நிறுவனத்தின் பேரும் லோகோவும் பெருசா இருக்கும். ஓட்டுறவர் ஒருத்தர், உழைப்பு அவரோடது, நெஞ்சில் மட்டும் வேற யாரோடதோ முத்திரை. 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் பாதுகாப்புக்காக மாநிலத்துக்கு ஒரு நிறம்னு விதி வந்தது. கூடவே நாடு, மாநிலம், மாவட்டம்னு பிரிச்சுச் சொல்ற பதிவு எண். தூரத்தில் வர்ற படகு எந்த ஊர்னு கடலோரக் காவல் படைக்குத் தெரியணும். தொல்காப்பியர் சொன்ன அதே பூதான், இப்போ பெயிண்ட்டில்.

இதெல்லாம் மேலேயிருந்து வந்த அடையாளம். ஊருக்குள்ளே அவங்களே வச்சிருக்கிற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேர் 'பாடு'. ஏரியில் எந்த இடத்தில் யார் என்னிக்கு வலை கட்டுறதுங்கற முறை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம்னு மூணு ஊருக்கும் இதில் பாரம்பரிய உரிமை. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடம், சுமாரான இடம்னு உண்டு. ஒருத்தரே நல்ல இடத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்தவன் வயிறு காயும். அதனால் சீட்டுப் போட்டு, முறை வச்சு மாத்திக்கிறாங்க. இன்னிக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு.

பதினேழாவது நாற்காலியைச் சுற்றில் விட்ட டச்சுக்காரன் கதையும் இதுவும் ஒண்ணுதானே? யாரைப் பார்த்து யாரும் கத்துக்கலை. பொதுவா ஒரு சொத்து இருந்து, எல்லாரும் பிழைக்கணும்னா மனுஷ மூளை போய்ச் சேர்ற இடம் இதுதான்னு நினைக்கிறேன்.

இதையும் ரொம்பப் பொன்னுலகமாக் காட்ட வேண்டாம். பாட்டுக்குள் இருக்கிறவங்களுக்கு முறை உண்டு. வெளியே இருக்கிறவங்க? படகும் வலையும் இல்லாம, தண்ணிக்குள்ள இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்கள் இந்த ஏரியில் இருக்காங்க. பாட்டில் பங்கு இல்லாத ஊர்களும் இருக்கு. ஏரி சுருங்க, ஆள் பெருக, உரசலும் பெருகுது. ஹொரோட்லோவில் வாசலுக்கு வெளியே நின்னவங்க ஞாபகம் வருது.

அங்கே வலை பிரிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். மூங்கில் கம்பில் துணி கட்டி மிதக்க விடுறாங்களே, வலை இருக்கிற இடத்துக்கு அடையாளமா, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்புத் துணியா இருக்கே, எப்படிக் கண்டுபிடிப்பீங்க அய்யான்னு கேட்டேன். "துணி எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. கட்டுற கை வேற இல்லையா? முடிச்சைப் பார்த்தா தெரியும்"னார். அவருக்கு அது பெரிய தத்துவம் இல்லை. சாதாரணமாச் சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார். வி.ஓ.சி. முத்திரைக்கு மேல் ஊர் எழுத்தை வச்சவன் சொன்னதும் இதுதான்.

அப்போ சின்னத்தைப் பகிர்றதுக்கு என்ன வேணும்?

எனக்குத் தோணினதை மூணு வரியில் சொல்லிடறேன்.

ஒண்ணு: பகிர்ந்ததா, பறிச்சதான்னு பார்க்கணும். படம் ஒரே மாதிரி இருந்தாலும் குடை யார் தலைக்கு மேல் இருக்குன்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

ரெண்டு: பொதுச் சின்னத்துக்குள்ள தனி ஆளுக்கு ஒரு ஓரம் விடணும். ஊர் எழுத்தோ, முடிச்சோ ஏதோ ஒண்ணு. அது இல்லைன்னா பெரிய ஊர் சின்ன ஊரை முழுங்கிடும். யாரும் திட்டம் போட வேண்டாம், தானா நடக்கும்.

மூணு: யார் பயன்படுத்தலாம், யார் கூடாது, எதுக்குக் கூடாதுன்னு விதி இருக்கணும். விதி இல்லாத பொதுச் சொத்து பொதுவா இருக்காது. பலசாலி கைக்குப் போயிடும். விதி போட்ட அப்புறம், அந்த விதிக்கு வெளியே யார் நிற்கிறாங்கன்னு அப்பப்போ எட்டிப் பார்க்கணும்.

இணையத்தில் இன்னிக்கு யாரைப் பார்த்தாலும் சோழர் முத்திரையை முகப்புப் படமா வச்சுக்கிட்டு 'தமிழர் ஒற்றுமைச் சின்னம்'ங்கறாங்க. ஆசைப்படுறதில் தப்பே இல்லை. ஆனா ஒற்றுமை வேணும்னா சிலப்பதிகாரத்தின் மண் முத்திரையைப் பிடிங்க. வெற்றி வேணும்னா சோழனின் செப்பு முத்திரையைப் பிடிங்க. இதைக் காட்டி அதைச் சொன்னா, மதுரைக்காரனும் கரூர்க்காரனும் முறைக்கத்தான் செய்வான். அவன் முறைப்பில் ஆயிரம் வருஷ நியாயம் இருக்கு.

டி-சர்ட் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? வில், கயல், புலி மூணும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில். குடை கிடையாது, சாமரம் கிடையாது. மேலே அவங்கவங்க ஊரின் முதல் எழுத்து. எங்கேயாவது போய் யார்கிட்டயாவது சண்டை போடணும்னா டி-சர்ட்டைக் கழட்டி வச்சுட்டுப் போடணும், அது விதி. நெல்லைக்காரர் உட்பட எல்லாரும் சம்மதம்.

ஒரே ஒரு சிக்கல். கூட்டத்தில் ஒருத்தர் பழனி, இன்னொருத்தர் பரமக்குடி. ரெண்டு பேருக்கும் 'ப'. ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்க மாட்டேங்கறாங்க. சாசர் மாதிரி யாராவது சாட்சி சொல்ல வரணும்.